ஸாரா ஷ்மேலனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஸாரா அம்மாவுக்கு,

ஆப்பிரிக்க மொழிகளில் வேதாகமம் வந்த கதையை எங்கே படித்தாலும் உங்கள் கணவர் ஷ்மேலனின் பெயர்தான் வருகிறது. ஜெர்மனிக்காரர், லண்டன் மிஷனரி சங்கத்துக்காக 1814இல் இன்றைய நமீபியாவின் தெற்கே பெத்தானியில் ஊழியம் தொடங்கியவர், நான்கு சுவிசேஷங்களையும் அங்குள்ள நாமா மக்களின் மொழியில் பெயர்த்து 1831இல் கேப்டவுனில் அச்சிட்டவர். நீங்கள் 'அவருடைய நாமா மனைவி'. பெரும்பாலும் அதோடு சரி.

உங்கள் மொழியை வாயில் போட்டுப் பார்த்த எவரும் இதை அவர் தனியாகவே செய்தார் என்று நம்பமாட்டார். அடுத்தவர் கஷ்டம் கேட்டு நாங்கள் உச்சுக்கொட்டுவோமே, அந்தச் சத்தம் உங்களுக்கு ஒரு மெய்யொலி. மாட்டை விரட்டக் கன்னத்தோரம் எழுப்பும் சத்தம் இன்னொன்று. இப்படி நாக்கைச் சொடுக்கும் விதம் நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து சாயல், ஆக 20 ஒலிகள். போதாதென்று குரல் ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் வேறு பொருள். இன்றைய நாமா எழுத்தில் சில சொற்கள் ஆச்சரியக்குறியோடுதான் தொடங்குகின்றன. முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். அந்தக் குறிகளெல்லாம் நிலைபெற்றது உங்கள் காலத்துக்குப் பிறகு. வளர்ந்தபின் மொழி பழகிய ஷ்மேலன் இந்த ஒலிகளில் தடுமாறினார். எழுதிய வசனம் நாமா காதில் நாமாவாக விழுகிறதா என்று சொல்ல அந்த வீட்டில் இருந்தது நீங்கள்தான்.

அவரைக் குறை சொல்லவில்லை. மனைவி உதவியதை அவர் மறைக்கவில்லை. பின்னால் எழுதியவர்கள்தான் சுருக்கிவிட்டார்கள். எங்கள் பக்கமும் இது புதிதல்ல. துரைமார் பெயரில் வந்த தமிழ் வேதாகமங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திய முன்ஷிகளில், அதாவது மொழி கற்பித்த தமிழ்ப் பண்டிதர்களில், எத்தனை பேரை நாங்கள் பெயர் சொல்லி அறிவோம்?

அச்சு வேலைக்காக நீங்களும் கேப்டவுன் வரை போனீர்கள். அதே 1831இல், ஊர் திரும்பும் வழியில் காலமானீர்கள். புத்தகம் மக்கள் கையில் புழங்கியதைப் பார்க்கக்கூட உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அப்புறம் குரோன்லைன் என்ற மிஷனரி நாமாவில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1866இல் வந்தது. முழு வேதாகமத்துக்கு நாமா மக்கள் 1966 வரை காத்திருந்தார்கள். உங்கள் மகள் ஹன்னாவும் ஒரு மிஷனரியை மணந்து, அவருக்கு நாமா மொழியில் கைகொடுத்தார். ஹன்னாவின் பெயரும் அடிக்குறிப்பில்தான் கிடைக்கிறது.

இனி யாராவது அந்தச் சுவிசேஷங்களை 'ஷ்மேலன் மொழிபெயர்ப்பு' என்றால், எந்த ஷ்மேலன் என்று கேட்கப்போகிறேன்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகன்