காலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய செவிலியர் கல்லூரி முதல்வர் அவர்களுக்கும், எங்கள் மருத்துவமனைக்கு மாணவியரை அனுப்பிவைக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். உங்கள் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுதிய ரெக்கார்டு நோட்டு பற்றித் தொலைபேசியில் பேசினோம். 'கவனிக்கிறோம் சிஸ்டர்' என்றீர்கள். அதன் பிறகு இன்னொரு அணி வந்து போய்விட்டது. அதே பக்கம், அதே வாசகம். ஆகவேதான் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுத வேண்டியதாயிற்று.

'பாதங்கள்: இயல்பு. உணர்ச்சி: உள்ளது. நாடித்துடிப்பு: சீராக உள்ளது.' முத்து முத்தான எழுத்து. கீழே உங்கள் ஆசிரியரின் கையெழுத்தும் தேதியும். நோயாளி, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குபவர். வெகுகாலச் சர்க்கரை நோயாளி. அவருக்கு இடது காலில் சுண்டுவிரலே கிடையாது, எப்போதோ எடுத்தாயிற்று. இல்லாத விரலும் இயல்பாகத்தான் இருந்தது போலும்.

வலது காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பெருவிரலுக்குக் கீழே, நடக்கும்போது தரையில் அழுந்துகிற மேட்டில் தோல் தடித்துக் காய்த்துப் போயிருந்தது. மஞ்சள் பாரித்த காய்ப்பு, ஓரத்தில் வெடிப்பு, நடுவில் ஒரு கரும்பொட்டு. அந்தப் பொட்டு அழுக்கு அல்ல. உள்ளே ரத்தம் கசிந்திருப்பதன் அடையாளம். அந்த நிலையிலேயே பார்த்திருந்தால் காய்ப்பைச் சீவிவிட்டு, அந்த இடத்தில் அழுத்தம் விழாதபடி எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்புக்கு ஏற்பாடு செய்திருக்கலாம். ஆனால் காய்ச்சலோடும் ஏறிய சர்க்கரையோடும் படுத்திருந்தவரின் கால்மேல் போர்வை கிடந்தது. நாற்றம் வந்த பிறகுதான் அது விலகியது. கட்டுப் போடும் அறைக்கு அவரைக் கொண்டுவந்தபோது காய்ப்புக்கு அடியில் சீழ் கோத்திருந்தது. அறுவை மருத்துவர் புண்ணுக்குள் கம்பியை விட்டார், எலும்பில் தட்டியது. நோயாளியின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை; கால் அவ்வளவு மரத்துப்போயிருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டே, 'முடிந்துவிட்டதாம்மா? நாளைக்கு வேலைக்குப் போகலாமா?' என்று கேட்டார். பெருவிரலை எடுத்துவிட்டார்கள். பெட்டியைத் தூக்கி நிமிரும்போது ஊன்றுகிற விரல் அது. புண் ஆறும்வரை அந்தக் காலை ஊன்றக் கூடாது என்று தினக்கூலிக்காரரிடம் சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது.

மற்றவர்கள் ஏன் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதை எங்கள் கண்காணிப்பாளருக்குத் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த மடல் உங்களுக்கு.

அந்த மாணவியை நான் குறை சொல்லவில்லை. விசாரித்தபோது, 'போர்வையை விலக்கிப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, சிஸ்டர். போன வருடத்து அக்காவின் ரெக்கார்டைப் பார்த்து எழுதினேன்' என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண். பாதப் புண் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைச் சொல்லும் வாக்னர் தரநிலைகளைப் பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். மரத்துப்போன காலில் எலும்பும் மூட்டும் சிதைகிற சார்கோ பாதத்துக்கு வரையறை சொன்னாள். ஒரு கால் மட்டும் சிவந்து வீங்கியிருக்கிறதா, மற்றக் காலைவிடச் சூடாக இருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பார்த்திருக்கிறாயா என்றேன். இல்லை. பெரியவர்களின் காலைத் தொட்டு வணங்கத் தயங்காத பிள்ளைகள்தான் இவர்கள். ஐஸ் தூக்குபவரின் காலைத் தொடு என்று சொல்லத்தான் ஆளில்லை.

பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கும் பத்து கிராம் மோனோஃபிலமென்ட் உங்கள் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை எங்கள் வார்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். ஒரு நைலான் இழை, அவ்வளவுதான். முதலில் கையில் தொட்டுக் காட்டிவிட்டு, நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலின் அடிப்பக்கத்திலும் முன்பாத மேட்டிலும் இழை வளையும்வரை அழுத்த வேண்டும். காய்ப்பின் மேல் வைக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் 'தெரிகிறதா?' என்று கேட்டால் எங்கள் நோயாளிகள் 'தெரிகிறதம்மா' என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளையின் மனம் நோகக் கூடாதே. ஆகவே இடையில் ஒருமுறை தொடாமலே கேட்க வேண்டும். இந்தச் சூட்சுமத்தைப் பொம்மைக் காலில் கற்றுக்கொள்ள முடியாது. இழையே இல்லையென்றாலும் குறையில்லை: இரண்டு பாதங்களிலும் ஒன்று, மூன்று, ஐந்தாம் விரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் மெல்லத் தொட்டு, ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். இதற்கு டெண்டர் விட வேண்டியதில்லை.

வலி தெரியாத கால் தன்னையே அழித்துக்கொள்கிறது என்பதை வேலூரில் தொழுநோயாளிகளின் கால்களைத் தொட்டுப் பார்த்துத்தான் மருத்துவர் பால் பிராண்ட் உலகுக்குச் சொன்னார். வேலூர் நமக்கு என்ன, அமெரிக்காவிலா இருக்கிறது?

ஆனால் உலக நீரிழிவு நாளான நவம்பர் 14 வந்துவிட்டால் குறையே சொல்ல முடியாது. நீல பலூன், பேரணி, கோலப்போட்டி. கோலத்தில் வரைந்த பாதத்துக்கு முதல் பரிசு. கூடவே ஒரு துண்டறிக்கை: 'வெறுங்காலுடன் நடக்காதீர்கள், விரல் இடுக்குகளை உலர்வாக வைத்திருங்கள்.' 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூரில் எண்ணெய் கலந்த வெள்ளம் வீட்டுக்குள் புகுந்ததே, அந்தத் தெருக்காரர்கள் எதை வைத்து உலர்த்துவது? மழை பெய்தால் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்கிற கொருக்குப்பேட்டைக்காரரிடம் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டுப் புகைப்படமும் எடுத்துக்கொள்கிறோம்.

பேச்சு வேறு எங்கோ போய்விட்டது, பொறுத்தருளுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான். போர்வையை விலக்கி, செருப்பைக் கழற்றச் சொல்லி, விரல் இடுக்கு உட்பட இரண்டு பாதங்களையும் தொட்டுப் பார்த்ததை உங்கள் ஆசிரியர் கண்ணால் கண்ட பிறகே அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். செய்முறைத் தேர்விலும் இதற்கு மதிப்பெண் வையுங்கள். மதிப்பெண் இருந்தால்தான் நம் பிள்ளைகள் படிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடிப் போகிறது. அந்த வாசற்படிகளில் நாளை நிற்கப்போகிறவர்களில் உங்கள் மாணவியரும் இருப்பார்கள்.

வரும் திங்கட்கிழமை அடுத்த அணி வருகிறது. தயவுசெய்து முதலில் கட்டுப் போடும் அறைக்கு அனுப்புங்கள். காலை எட்டு மணிக்கு வந்தால், புறநோயாளிகள் கூட்டம் சேர்வதற்குள் ஆளுக்கு ஒருவரின் கால்களையாவது பார்த்துவிடலாம். ஆசிரியரும் உடன் வர வேண்டும். கையுறை எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
கட்டுப் போடும் அறைச் செவிலியர்,
வடசென்னை