ஜனவரியில் மொட்டையடிக்கப்பட்ட எங்கள் பிளம்ஸ் மரம்: முறைப்பாடு

முகாமையாளர் அவர்களுக்கு,
தோட்டப் பராமரிப்பு நிறுவனம், இலண்டன்.

ஐயா,

ஹரோவில் உள்ள எங்கள் வீட்டுப் பின்வளவில் நிற்கும் விக்டோரியா பிளம்ஸ் மரத்தைச் சீராக்கித் தரும்படி உங்களிடம் கேட்டிருந்தோம். உங்கள் வேலையாட்கள் ஜனவரி நடுப்பகுதியில் வந்து, மரத்தின் தலையை ஒரே மட்டமாக அறுத்துவிட்டு, 420 பவுண்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள்.

நாங்கள் கேட்டது உங்கள் விலைமதிப்பீட்டுத் தாளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றோடொன்று உரசும் கொப்புகளை எடுத்து, நடுவில் வெளிச்சம் விழச் செய்து, அயலவரின் வேலிக்கு மேலால் போகும் நீண்ட கொப்புகளைக் குறுக்க வேண்டும். அவ்வளவுதான். வளவு சின்னது, மரம் சமையலறை யன்னலை மறைத்துவிட்டது, போன ஓகஸ்டில் காய்ப்பாரம் தாங்காமல் ஒரு பெரிய கொப்பு கிளை பிரியும் கவரோடு பிளந்தது. மரம் சிறுக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் உரசும் கொப்புகள் இன்றும் உரசியபடியே நிற்கின்றன. போன வருடம் அழுகிக் காய்ந்த பழங்கள்கூட அவற்றில் தொங்குகின்றன. அந்த அழுகல் நோய் அடுத்த காய்ப்புக்குத் தொற்றும் என்பதால் அவற்றை முதலில் அகற்றியிருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய பிழை, வெட்டிய காலம். தொலைபேசியில் உங்கள் அலுவலகத்தில் கதைத்தவர், "பழமரங்களைக் குளிர்காலத்தில்தான் வெட்டுவோம்" என்றார். அப்பிளுக்கும் பேரிக்கும் அது சரி. பிளம்ஸுக்கும் செர்ரிக்கும் அது ஆபத்து. சில்வர் லீஃப் என்ற பங்கசு நோயின் வித்திகள் இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை, ஈரமான நாட்களில் காற்றில் பரவி, புதிதாக வெட்டிய காயத்தின் வழியாக மரத்துக்குள் இறங்கும். இலை வெள்ளிபோல் வெளுக்கும், கொப்பு கொப்பாகப் பட்டுப்போகும், உள்மரம் மண்ணிறமாகும். வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. கறை தென்படும் இடத்தையும் தாண்டி வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. அதனால்தான் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை, மரம் காயத்தை வேகமாக மூடும் காலத்தில் வெட்டச் சொல்கிறார்கள். பிரித்தானியத் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்சரல் சொசைட்டியின் அறிவுரையும் இதுதான். மரவேலையைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

வெட்டிய விதமும் தவறு. நீண்ட கொப்பைக் குறுக்குவதென்றால், அதிலிருந்து பிரியும் ஓரளவு தடித்த பக்கக் கொப்பு வரைக்கும் வெட்டி, வளர்ச்சியை அதன் பக்கம் திருப்பிவிட வேண்டும். ஒரு வருடத்தில் கால்பங்குக்கு மேல் எடுக்காமல், இரண்டு மூன்று கோடைகளில் மரத்தைப் படிப்படியாக இறக்கலாம். உங்கள் ஆட்கள் பாதிக்கு மேல் எடுத்து, முழங்கை நீளத்தில் மொட்டைக் கட்டைகளை விட்டிருக்கிறார்கள். இனி அந்தக் கட்டைகளிலிருந்து நெட்டுக்குத்தான குச்சிகள் கற்றை கற்றையாகக் கிளம்பும். அவை சில வருடங்களுக்குக் காய்க்கா. யன்னலை மறைத்த நிழல் முன்னையிலும் அடர்த்தியாகத் திரும்பி வரும். காசு கொடுத்து நாங்கள் வாங்கியது இதைத்தான்.

அறுத்த கட்டைகளை அடிமரத்தோடு சேர்த்து அடுக்கிவிட்டுப் போனதையும் சொல்ல வேண்டும். சில்வர் லீஃப் பங்கசு காளான் விடுவதே பட்ட மரக்கட்டையில்தான். அவற்றை நாங்களே அப்புறப்படுத்தினோம்.

"சின்ன வளவுக்கு இந்த மரம் எதற்கு? வேரோடு எடுத்துவிடுங்கள், விலைக்கழிவு தருகிறோம்" என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னது எங்களை மிகவும் நோகச் செய்தது. விக்டோரியா தன் மகரந்தத்திலேயே காய்க்கும் இனம். துணைக்கு இன்னொரு மரம் வேண்டியதில்லை, ஆகவே சின்ன வளவுக்கு இதைவிடப் பொருத்தமான பிளம்ஸ் இல்லை என்றே நான் நினைக்கிறேன். ஓகஸ்ட் கடைசியில் அம்மா காய் பதத்தில் பறித்து மிளகாய்த்தூள் போட்டு அச்சாறு போடுவார். பழுத்ததைத் தெருவில் உள்ள எல்லா வீட்டுக்கும் கொடுப்போம். அந்த மரத்தை எடுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, எந்தச் சேவையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். இல்லையெனில் வேலையைத் திருத்திச் செய்விக்கவோ விலையைக் குறைக்கவோ நுகர்வோர் கேட்கலாம். இந்த மரத்தில் அறுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தாருங்கள். அதோடு, வரும் ஜூலையில் தகுதிபெற்ற மரப் பராமரிப்பாளர் ஒருவரை உங்கள் செலவில் அனுப்பி, மொட்டைக் கட்டைகளைச் சரியான இடத்தில் வெட்டி, புதிய குச்சிகளில் வேண்டியதை மட்டும் விட்டு மிகுதியை எடுத்துத் தர வேண்டும். அதற்கு முன் உங்கள் ஆட்கள் யாரும் மரம் அறுக்கும் வாளோடு வளவுக்குள் வர வேண்டாம்.

வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் உங்கள் விலைமதிப்பீட்டுத் தாளின் பிரதியையும் இணைத்துள்ளேன். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வழக்குப் பதிவேன்.

இப்படிக்கு,
ஹரோ வாடிக்கையாளர்