டாப் துணியும் டோர் பேடும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தேன். காரின் பின்சீட்டுக்கு மேலே டாப் துணி, அதாவது கூரையின் உள்பக்கத் துணி, தொங்குகிறது, டிரைவர் பக்கத்துக் கதவின் உள்பக்க டோர் பேடில் ரெக்சின் உரிகிறது. இரண்டுக்கும் ஒரே பசை போதுமா என்று கேட்டிருந்தாய். போதாதும்மா.

முதலில் வெயிலை யோசி. சென்னையில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் 60 டிகிரி வரை ஏறும், கூரைத் தகடு அதைவிடச் சுடும். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை அந்தச் சூட்டில் இளகிவிடும். ஃபெவிக்விக் போட்டால் கெட்டியாகி உடையும், சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும். இரண்டும் வேண்டாம்.

டோர் பேடுக்கு ஃபெவிகால் எஸ்ஆர் 998 மாதிரி ரப்பர் பசை வாங்கு. டேஷ்போர்டு பாலிஷ் போட்டிருந்தால் அதன் சிலிகோன் பசையைப் பிடிக்க விடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் நன்றாகத் துடைத்துவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேய். பேடின் பின்பக்கம் என்ன பிளாஸ்டிக் என்று அச்சிட்டிருக்கும். ஏபிஎஸ் என்றால் கவலையில்லை. பிபி என்றால் அது பாலிபுரொப்பிலீன், பசை அதில் லேசில் ஒட்டாது. பிளாஸ்டிக் பிரைமர் அடித்த பிறகுதான் பசை. பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் காயவிடு. தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது, அப்போதுதான் பதம். ஒருமுறை அமுக்கினால் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. அதனால் ஒரு மூலையிலிருந்து மெதுவாகப் படிய வை.

டாப் கதை வேறு. அங்கே கெட்டுப்போனது பெரும்பாலும் பசை இல்லை. துணிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஃபோம்தான் சூட்டில் மாவாக உதிர்ந்திருக்கும். விரலால் தடவிப் பார், மஞ்சள் தூளாக வரும். அதன்மேல் எவ்வளவு விலையுள்ள பசையை அடித்தாலும் அது தூளில்தான் ஒட்டும், அடுத்த கோடையில் மறுபடி இறங்கும். ஊசி போட்டுப் பசை ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதே. துணி ஒட்டியிருக்கும் கூரைப் பலகையைக் கழற்றி, பழைய ஃபோமை பிரஷ்ஷால் முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, புதுத் துணி போடுவதுதான் வேலை. அதற்குச் சூடு தாங்கும் ஹெட்லைனர் ஸ்ப்ரே, அதாவது டாப் துணி ஒட்டும் ஸ்ப்ரே பசை, வேண்டும். டப்பா பசையைத் தடவினால் ஊறி வந்து துணியில் கறை தெரியும்.

கூரை ஓரத்தில் ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அந்த வரிசையில் பசை படவே கூடாது. சீட்டுக்குள் ஏர்பேக் இருந்தால் அதன் பக்கவாட்டுத் தையலுக்கும் இதேதான். அப்புறம், இந்தப் பசைகளின் நெடி தலையைச் சுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் வைத்துச் செய்யாதே, நாலு கதவையும் திறந்து வெளியில் செய்.

டோர் பேடை இந்த ஞாயிற்றுக்கிழமை நீயே பார்த்துவிடு. டாப்பைத் தொடாதே. அந்தப் பலகையை மடியாமல் வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும், நான் வருகிறேன். பின்னால் ஃபோம் ஒட்டிய துணியாகக் கேட்டு, சுற்றிலும் அரை அடி கூடுதலாக இருக்கும்படி வாங்கி வை.

அன்புடன்,
அப்பா