ஹாமிஷ் ஹெண்டர்சன் இங்கிலாந்துக்காரர் இல்லீங்க

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

போன இதழ்ல ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவுல நடக்குற கலை விழாவைப் பத்தின கட்டுரையில 'பாவாடை கட்டிய இங்கிலாந்து நாட்டுப்புறப் பாடகர் ஹாமிஷ் ஹெண்டர்சன்'னு ஒரு வரி. ஒரு வரிக்குள்ள எத்தனை தப்பு அடைக்கலாம்னு ஆபீஸ்ல போட்டி எதுவும் வச்சீங்களா? மனுசன் 1919-ல ஸ்காட்லாந்துல பிளேர்கவ்ரிங்கிற ஊர்ல பொறந்தவர். ஸ்காட்லாந்து வேற, இங்கிலாந்து வேற, ரெண்டும் பிரிட்டனுக்குள்ள தனித்தனி நாடு. அது பாவாடை இல்ல, அந்த ஊர் ஆம்பளைங்க கட்டுற கில்ட்டு. நம்ம வேட்டியை ஒருத்தன் பெட்ஷீட்டுன்னு எழுதினா உங்களுக்கு சுருக்குன்னு இருக்குமா இருக்காதா? பாடவும் செஞ்சார்தான், ஆனா வாழ்நாள் பூரா அவர் பார்த்த வேலை ஊர் ஊராப் போய் அடுத்தவங்க பாட்டைப் பதிவு பண்ணுனது. நம்ம நாட்டுப்புறப் பாட்டையெல்லாம் தொகுத்த நா. வானமாமலையை 'இந்திப் பாடகர்'னு எவனாச்சும் எழுதினா நீங்களே தலையங்கம் போட்டுருப்பீங்க.

நான் எடின்பரோவுல ஒரு ஹோட்டல் கிச்சன்ல 9 வருஷம் பாத்திரம் கழுவி அப்புறம் குக் ஆனவன். வீட்டுக்காரம்மாவுக்கு சொந்த ஊர் அதே பிளேர்கவ்ரி. ராஸ்பெர்ரி விளையுற ஊரு, சீசனுக்கு நாடோடி ஜனங்க வந்து கூடாரம் போட்டுப் பழம் பறிப்பாங்களாம், இந்தம்மாவும் சின்னப் புள்ளையில இடுப்புல வாளியைக் கட்டிக்கிட்டு அவங்களோட பறிச்சிருக்கு, கையெல்லாம் முள்ளுக் கீறல், சாயங்காலம் கூடாரத்துக்கு முன்னாடி தீ மூட்டிப் பாட்டு. ஊர்ல மத்தவங்க கிட்டவே சேர்க்காத ஜனம் அது. அவங்க நடுவுல 1950-கள்ல டேப் ரெக்கார்டரோட போய் உக்காந்தவர்தான் ஹெண்டர்சன். அபர்தீன்ல ஜீனி ராபர்ட்சனை 1953-ல கண்டுபிடிச்சதும் அவர்தான், அந்தம்மாவும் நாடோடிக் குடும்பம், வாய்வழியா வந்த பழைய கதைப்பாட்டு எத்தனையோ அவங்க தொண்டையில இருந்துச்சு.

நீங்க எழுதுன விழா 1947-ல ஆரம்பிச்சது, உள்ளூர் உழைக்கிற ஜனத்தோட பாட்டுக்கு அதுல இடமே இல்லன்னுதான் 1951-ல இவரும் கூட்டாளிகளும் தனியா மக்கள் விழா நடத்தி, மேடையில விவசாயியையும் ஊர் சுத்திப் பாடுறவரையும் ஏத்துனாங்க. இதைக் கட்டுரையில தேடித் தேடிப் பார்த்தேன். வாணவேடிக்கைக்கு மட்டும் அரைப் பக்கம்!

ஐயா, இது புதுசு இல்ல. ஒரு புத்தாண்டு இதழ்ல ராபர்ட் பர்ன்ஸை 'ஆங்கிலேயக் கவிஞர்'னீங்க, 2013-ல ஆண்டி மர்ரே விம்பிள்டன் ஜெயிச்சப்ப 'இங்கிலாந்து வீரர்'னீங்க. 2014-ல பிரிட்டனை விட்டுத் தனியாப் போறதான்னு ஸ்காட்லாந்துல ஓட்டெடுப்பு நடந்து 55 சதவீதம் வேணாம்னப்ப 'இங்கிலாந்தின் மாநிலம்'னு போட்டீங்க. மூணுக்கும் லெட்டர் போட்டேன். ஒண்ணைத்தான் அச்சடிச்சீங்க, அதுவும் பாதியை வெட்டிட்டு. உங்களுக்குத் தெரியாதுன்னு நான் நெனைக்கல, தெரிஞ்சும் போனாப் போகுதுன்னு விடுறதுதான் வலிக்குது.

இத்தனைக்கும் ஹெண்டர்சன் நம்மளை மாதிரி ஆளுங்களுக்காகவும் பேசுனவர். ஸ்காட்லாந்துப் பட்டாளத்துக்காரன் வெள்ளைக்காரச் சாம்ராஜ்யத்துக்காக அடுத்தவன் மண்ணை மிதிக்கப் போன காலம் ஒழியட்டும்னு 1960-ல ஒரு பாட்டு எழுதினார், ஸ்காட்ஸ் மொழியில. 1983-ல பிரிட்டிஷ் அரசாங்கம் ஓபிஇங்கிற கௌரவப் பட்டம் குடுத்தப்ப, அப்போ பிரதமரா இருந்த தாட்சர் அரசோட அணு ஆயுதக் கொள்கையை எதிர்த்து வேணாம்னுட்டார். பட்டம் வேணாம்னு சொன்ன மனுசனுக்குத்தான் நீங்க 'இங்கிலாந்து'ன்னு ஒரு பட்டம் குடுத்திருக்கீங்க.

அவர் 2002-ல போயிட்டார். நான் அந்த ஊருக்குப் போனது 2006-ல, நேர்ல பார்க்கக் குடுத்து வைக்கல. அவர் எப்பவும் உக்கார்ற சாண்டி பெல்ஸ்ங்கிற பப்புல அவரோட மார்பளவு சிலை இருக்கு. வேலை முடிஞ்சு பூண்டு வாசம் போகாத கையோட போய் மூலையில நிப்பேன், யாராச்சும் ஃபிடில் எடுப்பாங்க, நான் எந்த ஊருன்னு ஒருத்தரும் கேக்காம இடம் விடுவாங்க.

அடுத்த இதழ்ல பிழை திருத்தம்னு ரெண்டே வரி போடுங்க, போதும். ராசிபலனுக்குக் கீழ கொஞ்சம் இடம் எப்பவும் சும்மாதானே கெடக்கு. அப்படியே இந்தக் கடிதத்தைப் போடுறதா இருந்தா, என் இனிஷியல் 'க', போன தடவை அச்சடிச்ச மாதிரி 'சு' இல்ல.

இப்படிக்கு,
22 வருஷ வாசகன்,
உறையூர், திருச்சி