தரங்கம்பாடிக்கு அரை நாள் போதுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பகுதியில் தரங்கம்பாடி பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் அரை நாளில் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திருக்கடையூர் கிளம்பிவிடலாம் என்ற யோசனையைத்தான் ஏற்க முடியவில்லை. வருகிற கார்களில் பாதி ஏற்கெனவே அப்படித்தான் செய்கின்றன. கோட்டை வாசலில் ஒரு செல்ஃபி, ஓர் இளநீர், முடிந்தது சுற்றுலா.

தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுக்க, 1620-இல் டேனியர்கள் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கியதைக் கட்டுரை சொல்கிறது. அதே கோட்டைக்குள் ஜெர்மானியக் கிறித்தவ மதபோதகர் சீகன்பால்கு சில மாதங்கள் சிறையிருந்ததைச் சொல்லவில்லை. 1706-இல் அவரை இங்கே அனுப்பியவர் டென்மார்க் மன்னர். பிடித்து அடைத்தவரோ அதே மன்னரின் கோட்டைத் தளபதி! வெளியே வந்த மனிதர் ஜெர்மனியிலிருந்து வந்த அச்செழுத்துகளைக் கொண்டு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையே வைக்க வேண்டியதாயிற்று. 1719-இல் இறந்தார். முந்தைய ஆண்டு அவர் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். கோட்டையிலிருந்து ராஜ வீதியில் நடந்தால் சில நிமிடம். அந்த வீதியை காரில் கடப்பது பாவம். திண்ணை வீடுகளும் டேனியத் தூண்களும் அடுத்தடுத்து நிற்கும். கடைசியில் 1792-இல் எழுப்பிய நகர வாயில்.

அதைவிடப் பெரிய விடுபடல் மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. கோட்டையைவிட முந்நூறு வருடம் மூத்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தைக் காக்கக் கரையில் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். கோட்டைக்கு வருபவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் நடக்கிறார்கள்? டேனியர் வந்த பிறகுதான் இந்த ஊரே பிறந்தது என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எழுதுகிறவர்களும் அதற்கு உடந்தையாகலாமா?

இன்னொன்று. 'ஓசோன் நிறைந்த காற்று' என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள், கட்டுரையாளரும் அப்படியே எழுதிவிட்டார். ஓசோன் மேலே வானத்தில் இருந்தால்தான் நமக்கு நல்லது. மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். தரங்கம்பாடிக் காற்று நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு ஓசோன் பட்டம் தேவையில்லை.

முடிந்தால் ஓர் இரவு தங்கச் சொல்லுங்கள். கோட்டை கிழக்கே கடலைப் பார்த்து நிற்பதால் விடியலில்தான் அதன் மஞ்சள் சுவர் எடுப்பாகத் தெரியும். அந்நேரம் படகுகளும் கரை சேரும். மீனவர் குடியிருப்பு 2004 சுனாமியில் பலரைப் பறிகொடுத்த இடம்; அங்கே கேமராவை நீட்டுமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

மயிலாடுதுறையிலிருந்து ஓடிய ரயில் 1986-இல் நின்றுபோனது. இப்போது பேருந்துதான். கார் இல்லாதவர்களுக்காக அதையும் ஒரு வரி போட்டிருக்கலாம். அடுத்த இதழில் கோயிலின் படம் ஒன்றையாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாடுதுறை.