மருந்துக்கு முன்பே பிறந்தவை

மதுரை
12.12.2024

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் கிடைத்தது. காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிற தம்பி, இருமல் நின்று நாலு கிலோ ஏறியிருக்கிறான் என்று படித்ததும் நிம்மதி. ஆனால் "ரெண்டு மாசத்துல தேறிட்டேன், எதுக்கு இன்னும் நாலு மாசம் முழுங்கணும்" என்கிறானாமே, அதைப் படித்துத் திக்கென்றது.

மருந்தைப் பார்த்துப் பார்த்துக் கிருமி பழகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். லேபில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1952-இல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் என்ற அமெரிக்கத் தம்பதி, வெறும் வெல்வெட் துணியை வைத்தே அப்படியில்லை என்று காட்டிவிட்டார்கள். மருந்தே இல்லாத தட்டில் வளர்ந்த பாக்டீரியா மேல் துணியை ஒற்றி, மருந்து கலந்த தட்டுகளில் வரிசையாக ஒற்றினார்கள், ரப்பர் ஸ்டாம்பு குத்துகிற மாதிரி. எல்லாத் தட்டிலும் அதே இடத்தில்தான் பிழைத்தவை முளைத்தன. அப்படியென்றால், மருந்து வாடையே படாத முதல் தட்டிலேயே அவை இருந்திருக்கின்றன! (1958-இல் ஜோஷுவாவுக்கு நோபல் வந்தது, எஸ்தருக்கு இல்லை. அது வேறு கதை.)

கிருமி இரண்டாகப் பிரியும்போது மரபணுவைப் படியெடுக்கும். எப்போதாவது ஓர் எழுத்து பிசகும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ரிஃபாம்பிசின் என்கிற காசநோய் மருந்து போய் ஒட்டுகிற புரதத்தின் மரபணுவில் பிசகினால் மட்டும், மருந்துக்குப் பிடி கிடைக்காமல் போகலாம். ஏறக்குறைய பத்துக் கோடிக் காசநோய்க் கிருமியில் ஒன்று அப்படிப் பிறக்கும். ஐசோநியாசிட் என்கிற இன்னொரு மருந்து என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. நுரையீரலில் குழி விழுந்தவருக்கு உள்ளே கோடிக்கணக்கில் கிருமி இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றதெல்லாம் செத்து, தப்பியது மட்டும் பெருகும். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் கொடுத்தபோது, தேறி வந்த பலர் சில மாதங்களில் மறுபடி படுத்தது இதனால்தான். இரண்டு மருந்துக்கும் ஒருசேரத் தப்ப நூறு லட்சம் கோடியில் ஒன்றாக இருக்க வேண்டும். அவ்வளவு கிருமி ஒரு நெஞ்சுக்குள் கொள்ளாது. தம்பிக்கு நாலு மருந்தைச் சேர்த்துத் தொடங்கிய கணக்கு இதுதான்.

அப்புறம் அந்த நாலு மாதம். பிரியாமல் மந்தமாகக் கிடக்கிற கிருமிகளும் உண்டு, அவை லேசில் சாகாது. இப்போது நிறுத்தினால் அவை எழுந்து பெருகும், பெருகப் பெருகப் பிசகும். நினைத்தபோது போட்டு நினைத்தபோது விடுவது இன்னும் மோசம்.

சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று பயந்தானாமே, அது ரிஃபாம்பிசினின் நிறம். ஒன்றுமில்லை என்று சொல்.

பொங்கலுக்கு வருகிறேன். காலி மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல். எண்ணிப் பார்ப்பேன்.

உன்,
ராமு