மனு போடும் முன், அண்ணாவுக்கு

அண்ணா,

உன் காரின் பின்னால் மோதிய, இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்காரரிடம் இழப்பீடு கேட்டு மனு போட்டுவிடலாம் என்று நேற்று ஒருவழியாகச் சொல்லிவிட்டாய். நிம்மதியாக இருக்கிறது. கெடு முடிய அதிக நாள் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவுப்படி, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு சேர வேண்டும். 2019-இல் திருத்தி, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கெடு இது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அந்த வழக்கை நம்பி நாம் உட்கார்ந்திருக்க முடியாது.

வீட்டுக்கு வந்தே இதையெல்லாம் சொல்லியிருப்பேன். பொதுவில் எழுதக் காரணம், இன்சூரன்ஸ் இல்லாத வண்டியிடம் இடி வாங்கியவர்கள் எல்லோரும் உன்னைப் போலவே வாய்வார்த்தையை நம்பி வண்டியைப் போக விட்டுவிட்டுத்தான் வக்கீலைத் தேடி வருகிறார்கள். அவர்களும் படிக்கட்டும். மோதியவர் பெயர், வண்டி எண், இடம் எதுவும் இங்கே வராது. நம் சொந்தத்தில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும், அவர்களில் சிலர் இதைப் படிப்பார்கள். கோர்ட்டுக்குப் போகிற விஷயம் என்பதால் நம் கையில் இருப்பது எல்லாவற்றையும் விரித்துச் சொல்லவும் மாட்டேன். உனக்காக ஆஜராகப் போவது நானும் இல்லை.

அந்த ஒரு நிமிடம்தான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. விபத்து நடந்த இடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு, நீ போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். "சார், போலீஸ் மட்டும் வேண்டாம், பாலிசி முடிஞ்சு போச்சு, முழுசா நானே பார்த்துக்கிறேன்" என்று மோதியவர் சொன்னது எனக்குக் கேட்டது. அவர் காரில் ஒரு குழந்தை அழுததும் கேட்டது. நம்பிக்கைக்கு என்று அவராகவே கொடுத்திருந்த கார் சாவியை, "பாப்பா பயப்படுது, நீங்க கிளம்புங்க" என்று நீ திருப்பிக் கொடுத்தாய். நான் இங்கிருந்து கொடுக்காதே, கொடுக்காதே என்று கத்திக்கொண்டிருந்தேன்.

குழந்தை அழும்போது இளகிவிடுகிற ஆள் நீ. அது மாறவே வேண்டாம். அண்ணி காதில் விழும்படி அன்று உன்னிடம் அப்படிப் பேசியதற்கு மன்னித்துக்கொள். சொன்ன விஷயத்துக்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன். குழந்தையையும் அவரையும் ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கலாம், கார் மட்டும் அங்கேயே நின்றிருக்க வேண்டும். சாவியைப் பிடித்து வைக்க உனக்கு உரிமை இல்லை என்பது உண்மைதான். ஆனால் 100-க்கோ 112-க்கோ ஒரு போன் போட்டிருந்தால் வண்டியைப் பிடித்து வைக்கிற அதிகாரம் உள்ளவர் வந்திருப்பார்.

வண்டியையே நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று அன்று கேட்டாய். இன்சூரன்ஸ் உள்ள கார் மோதியிருந்தால் அவருடைய தேர்ட் பார்ட்டி பாலிசியே (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான கட்டாய இன்சூரன்ஸ்) உன் காருக்கு ஆன சேதத்தை 7.5 லட்சம் ரூபாய் வரை ஏற்றுக்கொண்டிருக்கும். பாலிசி இல்லாதபோது அந்த இடத்தில் நிற்பது ஒரு மனிதரின் வாய்வார்த்தை மட்டும்தான். கையில் பிடிக்க முடிகிற ஒரே ஈடு, மோதிய அந்த வண்டி. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 13-இல் உஷா தேவி வழக்கில் எல்லா மாநிலங்களையும் இதற்கு விதி போடச் சொன்னது. 2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த விபத்து விசாரணை விதிகளிலும் அது இருக்கிறது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டுக்குப் போதுமான ஜாமீன் கட்டாமல் நீதிமன்றம் அதை விடுவிக்கக் கூடாது. மூன்று மாதம் ஆகியும் கட்டவில்லை என்றால் ஏலம் விட்டு, வந்த பணத்தைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும். ஆள் காயமானால் மட்டும் என்று இல்லை, சொத்துச் சேதத்துக்கும் இது பொருந்தும். ஆனால் போலீஸ் கைக்கு வண்டி வந்தால்தான் இதெல்லாம். அன்று வண்டி வீட்டுக்குப் போய்விட்டது. அதன் பிறகு அவர் உன் போனை எடுப்பதும் எடுக்காததும் அவர் இஷ்டம் ஆகிவிட்டது.

யாருக்கும் காயம் இல்லை என்றால் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடத் தயங்குவார்கள், "பேசித் தீர்த்துக்கோங்க" என்பார்கள். அப்போதும் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் வந்து சேர்ந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வெளியே வரக் கூடாது. புகாரில் "எதிர் வண்டிக்கு விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் இல்லை" என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும், அதுவும் மணி நிமிடத்தோடு. விபத்து முடிந்த கையோடு போனிலேயே பாலிசி எடுத்துவிட்டு, "அன்றைக்கு பாலிசி இருந்ததே" என்று வந்து நிற்பவர்கள் உண்டு. பாலிசியில் தொடங்கும் நேரம் அச்சாகியிருந்தால் அந்த நேரத்திலிருந்துதான் அது செல்லும். அரசின் எம்பரிவாகன் செயலியில் அந்த வண்டி எண்ணைப் போட்டு, இன்சூரன்ஸ் முடிந்த தேதி தெரிகிற திரையை நீ அங்கேயே படம் பிடித்து வைத்தாய் பார், நீ செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். புதுப்பித்த பாலிசி அந்தத் தளத்தில் ஏறச் சில நாள் ஆகலாம் என்பதால், பிறகும் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டோம்.

அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளைப் பற்றி இங்கே அதிகம் சொல்லமாட்டேன். மற்றவர்களுக்காக ஒன்று மட்டும். முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வரி எழுதி நாம் கையெழுத்துப் போட்டால், நம்முடைய கிளெய்முக்கும் அதுவே வேட்டு. கார் பாலிசியின் நிபந்தனைகளில், கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் யாரோடும் சமரசம் பேசக் கூடாது என்று இருக்கிறது. நமக்குக் கொடுத்த பணத்தை மோதியவரிடம் திருப்பிக் கேட்கிற உரிமை கம்பெனிக்கு உண்டு, அதை நாம் விட்டுக்கொடுக்க முடியாது. நல்லவேளை, உன் தாளில் கையெழுத்து அவருடையது மட்டும். மூலத்தை லேமினேட் செய்யாதே, மடிக்காதே, அப்படியே கவரில் வை.

அவர் அன்று கொடுத்த பணம் பம்பருக்கே போதாது என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னபோது, அவர்கள் ஏமாற்றுவதாக நினைத்தாய். இல்லை அண்ணா. பின்னால் இடி வாங்கினால் பிளாஸ்டிக் பம்பர் உள்வாங்கிவிட்டு ஏறக்குறைய பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். வெளியே இரண்டு கீறல்தான் தெரியும். அடி முழுவதும் உள்ளே இருக்கிற இரும்பு பீம், அதைத் தாங்கும் பிராக்கெட், பின் பேனல், டிக்கி தரை ஆகியவற்றில் இறங்கியிருக்கும். டிக்கி கதவுக்கும் டெயில் லாம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு பக்கம் விரலளவும் மறுபக்கம் நூலளவுமாக இருந்தால் பேனல் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்தில் தகரம் சுருங்கியிருக்கிறதா, மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்கிங் சென்சார் ஒயர் அறுந்தது ரிவர்ஸ் போட்டால்தான் தெரியும். அதனால் ரோட்டில் நின்று பேசுகிற தொகை எதுவும் சரியான தொகையாக இருக்காது. முதல் எஸ்டிமேட் கழற்றுவதற்கு முன், சப்ளிமென்டரி எஸ்டிமேட் கழற்றிய பின், இரண்டையும் சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்த்திருக்க வேண்டும். அவர் பார்க்காமல் மாற்றிய பாகத்துக்குப் பணம் வாங்குவது மிகவும் கடினம்.

உன் காரின் சேதத்துக்கு உன் பாலிசியிலேயே கேட்ட ஓன் டேமேஜ் கிளெய்மில், கிடைக்காமல் உன் கையிலிருந்து போனது எவ்வளவு என்பதுதான் இப்போது மனுவின் முதுகெலும்பு. தாமதமாகச் சொன்னதாலேயே நியாயமான கிளெய்மை மறுக்கக் கூடாது என்று 2011 செப்டம்பர் 20-இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அனுப்பிய சுற்றறிக்கை நமக்குக் கை கொடுத்தது. அதோடு நிற்கவில்லையே. பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் எடுக்காத பாலிசி. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதியைக் கழித்தார்கள். ஐந்து வயது தாண்டிய கார் என்பதால் இரும்புப் பாகங்களில் 40 சதவீதம் போனது. கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. பெயிண்டிங்கை மொத்தமாக ஒரே பில்லாகப் போட்டால் அதில் 25 சதவீதத்தைப் பொருள் செலவு என்று எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். 20,000 ரூபாய் பில் என்றால் 2,500 போகும். ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து வருடம் கிளெய்மே போடாமல் நீ சேர்த்து வைத்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யமாகிவிடும். தப்பு யாருடையது என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு ஒரு வருட தேர்ட் பார்ட்டி பிரீமியம் 3,416 ரூபாய், வரி தனி. அதைக் கட்டாமல் விட்டவர் நல்லவராகவே இருக்கட்டும், கஷ்டப்படுபவராகவே இருக்கட்டும். அவர் மிச்சம் பிடித்த பணத்தை இப்போது நீ கட்டிக்கொண்டிருக்கிறாய். "பாவம், விட்டுடலாம்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் மாறி மாறிச் சொன்னார்களே, அண்ணி நகையை அடகு வைத்து ஒர்க்‌ஷாப் பில் கட்டியபோது அந்தப் "பாவம்" யார் வாயிலிருந்தும் வரவில்லை. அவருக்கு 196-ஆம் பிரிவில் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ வரலாம். அதில் உனக்கு ஒரு பைசா வராது. அடித்துவிட்டு ஓடும் வண்டிகளுக்காக அரசு தருகிற தொகையும் உயிரிழப்புக்கும் கொடுங்காயத்துக்கும் மட்டும்தான், கார் சேதத்துக்குக் கிடையாது.

ஆகவே மனுதான் வழி. நீ குடியிருக்கும் எல்லைக்குள் உள்ள தீர்ப்பாயத்திலேயே போடலாம், விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டாம். சொத்துச் சேதம் 2,000 ரூபாயைத் தாண்டினால் சிவில் கோர்ட்டுக்குப் போகவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தீர்ப்பாயமே நல்லது. இன்சூரன்ஸ் கம்பெனி உனக்குக் கொடுத்த பங்கை மறுபடி கேட்காதே. அவர்கள் கழித்த தொகை, கட்டாயக் கழிவு, டோ வண்டிச் செலவு, கார் இல்லாத நாட்களின் போக்குவரத்துச் செலவு, போனஸ் இழப்பு என ஒவ்வொன்றையும் தனித்தனித் தலைப்பில் கேட்க வேண்டும். அவர் கையில் கொடுத்த பணத்தையும் மறைக்காமல் காட்டிக் கழித்துக்கொள். மனு போடுவதைக் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடு.

உனக்கு மனது கேட்காத விஷயம் ஒன்று இருக்கிறது. மோதிய வண்டியின் ஆர்.சி. (பதிவுச் சான்று) இன்னும் அதை அவருக்கு விற்ற பெரியவர் பெயரில்தான் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தவர், பெயர் மாற்றினார்களா என்று பார்க்கவில்லை. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே. ஓட்டியவரை மட்டும் எதிர்மனுதாரர் ஆக்கினால் "நான் உரிமையாளர் இல்லை" என்பார். அதனால் இருவரையும் சேர்த்தாக வேண்டும். பெரியவரிடம் நோட்டீஸ் போகுமுன் நாம் நேரில் போய் விளக்கலாமா என்று கேட்டாய். வேண்டாம், வக்கீல் மூலமாகவே போகட்டும். இதை எழுதும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

உத்தரவு வந்தும் அவர்கள் கட்டவில்லை என்றால், 174-ஆம் பிரிவில் தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பும், நில வரி பாக்கி போல வசூலிப்பார்கள். வசூலிக்க அவர்களிடம் ஏதாவது இருந்தால்தான் அதுவும் நடக்கும், அதை உன்னிடம் ஒளிக்க விரும்பவில்லை. இடையில் மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பினால் தவணைக்கு ஒத்துக்கொள், நம் கேஸில் அதுதான் நடக்கக்கூடியது என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே போடும் உத்தரவுக்கு அப்பீல் கிடையாது. கையெழுத்துப் போடுமுன் தொகையையும் தேதிகளையும் படித்துப் பார்.

திங்கட்கிழமை வரும்போது அந்தத் தாளின் மூலம், சி.எஸ்.ஆர். ரசீது, சர்வேயர் ரிப்போர்ட், இரண்டு எஸ்டிமேட், பணம் கட்டிய பில், உன் ஆர்.சி., பாலிசி, லைசென்ஸ் எல்லாம் கொண்டுவா. போட்டோக்களை வாட்ஸாப்பில் அனுப்பாதே, எடுத்த நேரம் அழிந்துவிடும். போனையே கொண்டுவா. பில் போட்ட ஒர்க்‌ஷாப்காரர் சாட்சி சொல்ல வருவாரா என்று இப்போதே கேட்டு வை, அவர் வராமல் பில் மட்டும் நின்றால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். கழற்றிய பீமும் பிராக்கெட்டும் அவரிடம் இன்னும் கிடந்தால் பழைய இரும்புக்குப் போட வேண்டாம் என்று சொல். அதுவரை மோதியவர் வீட்டுக்குப் போகாதே. அவர் கூப்பிட்டால் எடு, மரியாதையாகப் பேசு, தொகை எதையும் ஒத்துக்கொள்ளாதே.

உன் தங்கை